உங்கள் கை என்கிறாள், சம்பந்தி

என் மகனுக்குப் பெண் கொடுத்த அன்புச் சம்பந்திக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. நம் பேத்தி தேன்மொழி விராலிமலையில் ரோட்டோரமாகச் சொந்தக் கடை போட்டுவிட்டாள். புதுக் காரின் பெயிண்ட் மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஃபிலிம் ஒட்டுகிற வேலை. பிபிஎஃப் என்கிறாள். கல் தெறித்தாலும் கருவேல முள் உரசினாலும் வண்டியில் கீறல் விழாதாம். நம் பக்கம் ஒரு பெண்பிள்ளை இந்த வேலை செய்து நான் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் கடைச் சுவரில் உங்கள் போட்டோவை மாட்டியிருக்கிறாள். என் போட்டோ இல்லை. உயிரோடு இருப்பவளுக்கு எதற்குப் போட்டோ என்கிறீர்களா? அதையேதான் அவளும் சொன்னாள்.

விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க அம்மாச்சி கை" என்கிறாள். பள்ளிக்கூடம் திறந்தால் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தானே ஓடி வருவாள்? நீங்கள் பத்தாவது படித்தவர். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீப்பால் நீவி நீவி, ஒரு சுருக்கம், ஒரு காற்றுக்குமிழ் இல்லாமல் அட்டை போட்டுக் கொடுப்பீர்கள். நான் அஞ்சாவது. நான் போட்ட அட்டையில் சோற்றுப் பருக்கை தெரிகிறது என்று சிரிப்பாள்.

வருஷத்தில் இரண்டு நாள் அட்டை போட்டவர் நீங்கள். மிச்ச நாளெல்லாம் தலை பின்னிச் சோறு கட்டிக் கொடுத்தவள் நான். அந்தக் கைக்கு என்ன பெயர் சம்பந்தி?

போன வெள்ளிக்கிழமை கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ் மாறி அவள் கடைக்குப் போனேன். முதல் வண்டி வந்திருந்தது. வெள்ளைக் கார். தூசி அடங்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, வண்டியை மூன்று முறை துடைத்து வைத்திருந்தாள். சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுக்க அவள் திரும்பிய நேரத்தில், வண்டிக்காரரின் அம்மா பேனட் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்.

"அம்மா, அதத் தொடச்சாத்தான் ஒட்ட முடியும்."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வச்ச பொட்ட அழிப்பாகளா? அது மேலயே ஒட்டு ஆத்தா."

"ஒட்டுனா மேடு தட்டும்மா. அங்கேருந்தே பிரிஞ்சிரும்."

"அப்ப ஒண்ணும் வேணாம். தம்பி, வண்டிய எடு."

முதல் வண்டியே திரும்பிப் போனால் அப்புறம் யார் வருவார்கள்? தேன்மொழி முகம் செத்துப்போயிற்று. அப்போதும் உங்கள் போட்டோவைத்தான் பார்த்தாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், என்னைப் பார்க்கவில்லை.

"யாத்தா, யாரு அழிக்கச் சொன்னா?" என்று முன்னால் போனேன். "அந்தப் பொட்ட நீங்களே வழிச்சு ஒங்க நெத்தியில வச்சுக்கங்க. ஒட்டி முடிச்சதும் மேல புதுசா வச்சிருவோம். அதுவரைக்கும் சாமி ஒங்ககிட்ட இருக்கட்டும்."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு விரலால் பதமாக வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"அப்புடியே அம்மா நெத்திக்கும் ஒரு ஃபிலிம் ஒட்டிருங்க" என்றார் மகன். எல்லோரும் சிரித்தோம்.

வேலை முடிந்தது. பேனட்டில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. "இந்த ரோசன பெரியவுகளுக்குத்தான் வரும்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். நான் நிமிர்ந்து நின்றேன்.

"ஆமாம்மா" என்றாள் நம் பேத்தி. "எங்க அம்மாச்சி இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாக."

கேட்டீர்களா? சொன்னவள் நான், பெயர் உங்களுக்கு!

"கோவமா அப்பத்தா?"

"எனக்கென்ன கோவம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பொய்தான் சொன்னேன். நீங்கள் உயிரோடு இருந்தால் நாளைக்கே ஏதாவது ஒரு தப்புச் செய்வீர்கள், எனக்கும் ஆறுதலாக இருக்கும். இனிமேல் தப்பே செய்ய முடியாத ஆளோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

ஒரு வாக்குத் தருகிறேன். அவள் "அம்மாச்சி கை" என்று சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தால், ஆமாம் என்று தலையாட்டுவேன். ஒரு தடவைதான். இரண்டாம் தடவை சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன்.

யாரிடமும் உங்களை விட்டுக்கொடுக்காத,
உங்களிடம் எதையும் விட்டுக்கொடுக்காத
உங்கள் சம்பந்தி,
தேன்மொழியின் அப்பத்தா