சக்கரத்துச் சத்தமும் என் "சரி சரி"யும்

பாசமுள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, கார் மூவரும் ஒருவழியாக ஓடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நிரந்தர வேலை கிடைத்ததை அம்மாவுக்கும் முன்னால் என்னிடம்தான் சொன்னாயாம், நான் "சரி சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று போனைக் கைமாற்றிவிட்டேனாம், அப்பாவுக்கு இன்னும் என்மேல் கோபமா என்று நீ அழுதாயாம். அம்மா நேற்றுத்தான் சொன்னாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் நான் போட்ட சண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காரை ஆயில் மாற்றத்தான் விட்டேன். எடுக்கப் போனால், முன்சக்கரத்தில் சத்தம் வந்தது, பேரிங் போய்விட்டது, மாற்றிவிட்டேன் என்கிறார் மெக்கானிக். எனக்கு வந்ததே கோபம்! தினமும் ஓட்டுகிறவன் நான், எனக்குக் கேட்காத சத்தம் உமக்கு மட்டும் எப்படிக் கேட்டது, யாரைக் கேட்டு மாற்றினீர் என்று பிடித்துக்கொண்டேன். காலையில் போன் பண்ணி உங்களைத்தான் கேட்டேன், நீங்கள்தான் சரி சரி என்றீர்கள் என்றார். போன் வந்தது உண்மை. வண்டி தயார் என்கிறார் போல என்று நானாக நினைத்துக்கொண்டு தலையாட்டியதும் உண்மை. ஆனால் ஒப்புக்கொள்வேனா, நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இது பொய் சொல்லிப் பிழைக்கிற கடை என்று பெஞ்சில் காத்திருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி கத்தினேன். அந்த மனிதர் பதிலுக்குக் கத்தவில்லை. கழற்றின எந்தச் சாமானையும் வண்டிக்காரர் பார்க்கும்வரை அவர் வீசுவதில்லையாம். டப்பாவிலிருந்து பழைய பேரிங்கை எடுத்துத் துடைத்து என் காதருகே பிடித்து விரலால் சுற்றினார். நான் பெரிய வெற்றி வீரனாட்டம், "பாத்தீங்களா, ஒரு சத்தமும் இல்ல" என்றேன்.

என்னோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்ட அம்மா உள்ளே வந்து என் கையைப் பிடித்து, "கரகரன்னு வாசல் வரைக்கும் கேக்குதுங்க" என்றாள். வாங்கி நானே சுற்றினேன். விரலில் கரகரப்பு தெரிந்தது, காதில் ஒன்றுமில்லை. வெட்கமாகப் போய்விட்டது பாப்பா. மெக்கானிக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கத்தினது நாலு பேர் முன்னால் என்பதால் மன்னிப்பையும் அதே நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, வண்டிக்குப் பார்த்தாச்சு, அடுத்து உங்களுக்குப் பாருங்க சார் என்று தன் அப்பா போகிற காது டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை போகிறோம்.

எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் உன் குரல் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி வருகிறது, ஒரு வருடமாகவே அப்படித்தான். சொல்ல மானம் தடுத்தது. சரி சரி என்று தப்பித்துக்கொண்டிருந்தேன். நீ தூரமாகப் போனதில் வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், அது என்றைக்கோ போயிற்று. கோபம் ஒரு நாளும் இல்லை கண்ணு.

உன் வண்டியையும் காலத்தில் சர்வீஸுக்கு விடு, கழற்றின சாமானைக் கேட்டு வாங்கிப் பார். மழையில் வேகமாக ஓட்டாதே. கிடைத்த வேலை நிலைத்து, நல்ல பெயரெடுத்து, நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வேலை கிடைத்த சேதி அம்மா சொல்லித் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கென்று இரண்டு நிமிடம் என்னமோ சொன்னாயே, அதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் வந்து சேரவில்லை. அதை அப்படியே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா