தறியில் குத்தியிருந்த பேட்ஜ்

மாமா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்களால் காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆனாலும் பயத்தில் முதலில் வருவது இந்த வரிதான். வேறு யார் கையிலாவது இந்த நோட்டு கிடைத்தால் அவர்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள். கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது எட்டிப் பார்த்தால் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்பா முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறார். வந்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். அவர் வருவதற்குள் நான் ஒரு பதிலை முடிவு செய்தாக வேண்டும்.

உங்கள் பேட்ஜ் என் இடது கைக்குள் இருக்கிறது. இறுக்கிப் பிடித்ததில் அதன் ஊசி உள்ளங்கையில் பதிந்துவிட்டது. பின்பக்கத் தகரத்தை முகர்ந்து பார்த்தேன். நீங்கள் முகத்தில் பூசும் அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முன்பக்கம் ஆறு நிறக் கோடுகள், நடுவில் ஒரு கிரீடம். பின்னால் அழுத்தினால் கிரீடத்தில் கடுகளவு விளக்கு மினுக்கும். இப்போது அழுத்திப் பார்க்கவும் பயம். அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பாத்திரச் சத்தம்கூட இல்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது தேவிகாபுரம் பக்கம் உங்கள் கூத்துக்கு அம்மா கூட்டிக்கொண்டு போனாள். ராணி வேஷம் உங்களுக்கு. இரவெல்லாம் நீங்கள் அழுதால் பெண்கள் அழுதார்கள். ஆம்பளைகள் மேடையேறி ரூபாய் நோட்டை உங்கள் மாராப்பில் ஊசியால் குத்தினார்கள். குத்துகிற சாக்கில் சிலர் கையை அங்கேயே வைத்திருந்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே பாட்டை விடாமல் பாடினீர்கள். அது மரியாதை என்று நான் நினைத்தேன்.

விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு லுங்கியோடு டீக்கடைக்கு வந்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்திருந்தேன். இரவு உங்கள் காலில் விழுந்து திருநீறு வாங்கிய ஒருவர் பெஞ்சில் இருந்தபடி, "இன்னா ராணி, ராஜா எங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ராஜா உன் வூட்லதான் தூங்கிகினு கீறாரு. ஜல்தியா போயி எழுப்பு," என்றீர்கள்.

சிரிப்பு இரண்டு மடங்கானது. ஆனால் உங்களுக்கு மட்டும் டீ பிளாஸ்டிக் கப்பில் வந்தது. மற்ற எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர். நீங்கள் அதைப் பார்க்காதது போல ஊதி ஊதிக் குடித்தீர்கள். என் கையைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் மட்டும் இறுகின.

போன வருஷம் சென்னைக் கடற்கரையில் உங்களைப் போன்றவர்கள் கூடி நடத்திய வானவில் ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்து, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கதை சொன்னீர்கள். நான் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா அன்று பாவு நூல் வாங்க முள்ளிப்பட்டுக்குப் போயிருந்தார்.

"நான் கூத்துல சேந்தப்ப பொம்பள வேஷம் கட்றவங்க மூணு பேரு இருந்தோம், பாப்பா. மேடையில சக்களத்தி சண்ட போடுவோம். உள்ள வந்தா அக்கா தங்கச்சி. வேஷத்தக் கலைச்சாலும் எங்களுக்கு உள்ள கலையாது. அது எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். மூத்தவங்களுக்கு வூட்ல புடிச்சிக் கல்யாணம் பண்ணி வெச்சாங்க. அவங்க பம்பாய்க்கு ரயிலேறிட்டாங்க. இன்னொருத்தி மீச வெச்சிகினு அரிசி மில்லுல மூட்ட தூக்குறா. நான்தான் மிச்சம்."

அந்த ஊர்வலத்துக்கு ராணி வேஷத்திலேயே போனீர்களாம். பகல் வெளிச்சத்தில் நீங்கள் வேஷம் கட்டியது அன்று மட்டும்தான். அங்கிருந்த பிள்ளைகளுக்குக் கூத்து என்றால் என்னவென்றே தெரியவில்லை. நீங்கள் குரலெடுத்துப் பாடியதும் வட்டமாக விலகி நின்றார்கள். பாடி முடித்ததும் ஒரு காலேஜ் பெண் இந்தப் பேட்ஜோடு வந்து, குத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

"இங்க குடு, நானே குத்திக்கறன்னேன். இத்தினி வருசம் என் நெஞ்சுல ஊர்க்காரன்தான் குத்தினான். இது நானா குத்திக்கினது."

சொல்லிவிட்டு விளக்கை மினுக்கிக் காட்டினீர்கள். "பாத்தியா, கரண்ட் ராணி."

அன்றைக்குத்தான் நான் என் விஷயத்தைச் சொன்னேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் லீவு போட்டால் எனக்கு ஏன் சாப்பாடு இறங்குவதில்லை என்று. மற்ற பெண்கள் பையன்களைப் பற்றிப் பேசும்போது நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்று. நீங்கள் சிரிக்கவில்லை. பிறகு பேட்ஜைக் கழற்றினீர்கள். கொடுக்க உங்களுக்கு மனசே இல்லை. இரண்டு தடவை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டீர்கள்.

"எடுத்துக்கோ. இனிமே உன்னுது. வெளிய குத்தாத, உள்பக்கமா குத்திக்கோ. தொலைச்ச, தோல உரிச்சிடுவன்."

தொலைக்கவில்லை மாமா. யூனிஃபார்ம் துப்பட்டாவின் உள்மடிப்பிலேயே குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மாசியில் உங்கள் கூத்து வேன் கவிழ்ந்த மறுநாளும் அது என்னிடம்தான் இருந்தது. பாடையில் வைப்பதற்கு முன் உங்கள் நீள முடியை வெட்டினார்கள். வேட்டி கட்டினார்கள். ஆம்பளையாக அனுப்பணும் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். உங்கள் காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் அரிதாரம் கழுவாமல் இருந்தது. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாளைக்கு முன் பேட்ஜ் துப்பட்டாவிலிருந்து கழன்று தறிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. தேடித் தேடி அழுதேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அது தறிக்காலில், முதலாளி கொடுத்தனுப்பும் நூல் சாம்பிள்களைச் செருகும் துணிப் பட்டையில், குத்தியிருந்தது. கூட்டும்போது அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். புதுப் புடவையின் முந்திக்கு வந்த கலர் சாம்பிள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். நிறம் ஒன்றுகூட மாறாமல், அதே வரிசையில், சிவப்பில் தொடங்கி நெய்துகொண்டிருந்தார். நான் பார்த்தபோது மஞ்சள் வரைக்கும் வந்திருந்தது.

"மொதலாளி இந்தத் தபா நல்ல டிசைனா குடுத்துகிறாரு," என்று அம்மாவிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் நிறங்களை அப்பா கை நெய்வதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஊதாத் தார் தீர்ந்தபோது நான்தான் சுற்றிக் கொடுத்தேன்.

இன்று சாயங்காலம் முதலாளியும் அவர் தம்பியும் தறி பார்க்க வந்தார்கள். தம்பி சென்னையில் வேலை பார்ப்பவர். முந்தியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, டிவில காட்டுனானே, மெட்ராஸ்ல அந்த ஆளுங்க ஊர்வலம். அந்தக் கொடிண்ணே இது."

"நீங்க குடுத்த சாம்பிள்தானுங்களே," என்றார் அப்பா.

"நான் எங்கய்யா குடுத்தேன்? இதக் கட்டிகினு நீயும் ஊர்வலம் போவப் போறியா?" என்றார் முதலாளி. பக்கத்துத் தறிக்காரர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். அப்பா நூல் ஓட்டும் நாடாவைத் தறியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் முந்தியைக் குனிந்து பார்த்த நேரத்தில் பேட்ஜை உருவி என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு அப்பா சட்டையை மாட்டினார். "மொதலாளி கைல கால்ல வுழுந்துட்டு வர்றன். நான் வர்றதுக்குள்ள அது யாருதுன்னு தெரிஞ்சாவணும்." சொன்னது அம்மாவிடம். பார்த்தது என்னை.

அவர் தெரு முனை திரும்பியதும் அம்மா என் அருகில் வந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமாதுன்னு சொல்லிடு. செத்தவன யாரு இன்னா பண்ணிடப் போறாங்க."

உங்கள் சொந்த அக்கா மாமா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் உங்கள் போட்டோவை அப்பா இன்றைக்கே கழற்றிவிடுவார். என் கட்டிலுக்குக் கீழே இருக்கும் உங்கள் வேஷப் பெட்டி ஆற்றுக்குப் போகும். என்னுடையது என்று சொன்னால் நாளையிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. அடுத்த தையில் கல்யாணம்கூட ஆகலாம். போன வருஷம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு லெட்டருக்கே அப்படித்தான் ஆனது.

ஒரு மணி நேரமாக 'மாமாவோடது' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைத்து. சுலபமாகத்தான் வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. இத்தனை பேர் உங்கள் நெஞ்சில் குத்தினார்கள். நீங்கள் போன பிறகும் ஒருவர் குத்த வேண்டுமென்றால் அது என் கையாக இருக்கும்.

உள்பக்கமாகக் குத்திக்கொள்ளச் சொன்னீர்கள். இன்று ஒரு தடவை நான் கேட்கப் போவதில்லை. துப்பட்டாவின் வெளிப்பக்கம், இடது தோளுக்குக் கீழே குத்தியிருக்கிறேன். அவசரத்தில் விரலில் ஊசி ஏறி, நோட்டில் ஒரு சொட்டு ரத்தம். அழுத்திப் பார்த்தேன் மாமா. விளக்கு இன்னும் எரி

தட்டுகிறார்கள். அப்பாதான். அம்மா எழுந்திருக்கிறாள். இல்லை, நானே போய்