வயிற்றுக்கட்டுக்கு ஒரு புடவை

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து ஈஸ்வரி. முட்டிவலி குறைந்ததா? குறுவை நடவு முடிந்ததா? என் பிள்ளைகள் இருவரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

போன வாரம் பேருந்தில் ஒரு தமிழ் அக்கா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "எத்தனை மாசம்மா?" என்றார். பிள்ளை பெற்றுச் சரிந்த வயிறு என்று சொல்ல மனம் வரவில்லை. இங்கே யாரும் என்னை அப்படி அக்கறையாக விசாரித்ததில்லை. "அஞ்சுக்கா" என்று உட்கார்ந்துவிட்டேன். இறங்கும்வரை யாரும் இடிக்காமல் மறைத்து நின்றார்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி பிசியோதெரபி மேடத்திடம் வயிற்றைக் காட்டினேன். வயிற்றுத்தசை நடுவில் விலகியிருக்கிறதாம். பயிற்சி சொல்லித் தந்தார். தினமும் செய்கிறேன், கொஞ்சம் இறுகியிருக்கிறது. பயப்பட வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மாலதி இங்கே திரும்பும்போது, வயிற்றில் கட்டிக்கொள்ள உங்கள் பழைய நூல்புடவை ஒன்று கொடுத்தனுப்புங்கள். சின்னவன் படுத்துத் தூங்கும் புடவையாக இருக்கட்டும். அவளுக்கு டாக்சி வந்துவிட்டது, முடிக்கிறேன். புடவையைத் துவைக்க வேண்டாம் அம்மா.

உங்கள் ஈஸ்வரி