படகடியில் ஒட்டியிருந்த பங்காளி

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். வலை பின்னிய விரல் பேனாவையும் ஊசி மாதிரியே பிடிக்கிறது. ஒரு வரிக்கு ஒருமுறை இளைப்பாற வேண்டியிருக்கிறது. ஆனாலும் யாரையும் கேட்காமல் நானே எழுதுகிறேன். எழுபது வயதில் இத்தனை சந்தோஷம் ஆகுமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

காலையில் அலமாரியிலிருந்து நீ விட்டுப்போன பாட்டிலை எடுத்தேன். மூடியோரம் மருந்து வாடை. காலேஜ் விலங்கியல் கூடத்தில் வேலை பார்த்த உன் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாடை. நீ சைக்கிளில் பட்டினச்சேரிக் கரைக்கு வரும்போது உனக்கு முன்னால் அது வந்துவிடும்.

அன்றொரு நாள் முகத்துவாரத்தில் கிடந்த படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பை பையாகக் கடல் பீச்சி வழுவழுவென்று ஒட்டியிருந்தது. அமுக்கினால் தண்ணீர் பீச்சும்.

"தங்கவேலு, இதுல நாலு எனக்கு உசுரோட வேணும்" என்றாய்.

மறுநாள் எடுத்துவைத்தேன். மீனுக்குச் செய்வதுபோல் ஐஸ் போட்டு, மேலே சாக்கு மூடி. திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய்.

"கொழம்பு வைக்கவாடா கேட்டேன்? இது குஞ்சு விடுறதப் பாக்கணும்டா!"

அந்தக் குஞ்சுக்கு வால் உண்டு, வாலுக்குள் ஒரு நாண் உண்டு, நீந்தித் திரியும். எங்காவது ஒட்டிக்கொண்டால் வாலும் நாணும் கரைந்துவிடும் என்றாய். மீனுக்கும் நமக்கும்கூடக் கருவில் முதலில் வருவது அதே நாண்தானாம். அதைச் சுற்றித்தான் முதுகெலும்பு வருமாம்.

நான் ஏலக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்: "கேட்டீங்களா, இவரு பாட்டன் நம்ம படகடியில ஒட்டிக்கிட்டுக் கெடக்காராம்! பாத்துச் சுரண்டுங்கடா!"

கரையே சிரித்தது.

"பாட்டன் இல்லடா, பங்காளி. அதுக்கும் நமக்கும் பாட்டன் ஒருத்தன்." நீ சொன்னது சிரிப்பில் அமுங்கிப்போனது. அந்த நாலையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாய். பிறகு கரைக்கு வரவே இல்லை. நீ படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டும், நாளைக்குப் போகலாம் என்றே இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து உன் வீட்டுக்காரம்மா, அந்த நாலும் மருந்தில் கிடந்த இந்தப் பாட்டிலைக் கொடுத்தார். "ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாருண்ணே. சீட்டுல என்னமோ எழுதியிருக்காரு, படிக்கவா?"

"வேணாம்மா" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். ஏசி எழுதியிருப்பாய் என்று பயம். உன் ஏச்சை இன்னொருவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை. நான்கு வருடம் சீட்டு ஒட்டிய முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். எழுதப் படிக்க முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தது அந்தச் சீட்டுக்காகத்தான்.

இன்று படித்தேன். "கடல் பீச்சி. பட்டினச்சேரி. கொண்டுவந்தவர்: தங்கவேல்." கீழே பொடியாக, "ஐஸில் வந்தது."

அவ்வளவுதான். சத்தமாகச் சிரித்துவிட்டேன். சொல்வதற்குத் திரும்பினேன், வீட்டில் யாரும் இல்லை. மகன் வாங்கித் தந்த செல்போனில் உனக்கு எண் இல்லை.

இப்போது கடலுக்குப் போவதில்லை. வீட்டில் ஒட்டிக் கிடக்கிறேன். ஒட்டிக்கொண்டால் நாண் கரைந்துவிடும் என்றாயே, முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.

உன் வீட்டுக்காரம்மாவிடம் உன் புத்தகம் ஒன்றையும் வாங்கி வந்திருக்கிறேன். மீனுக்குத் தாடை வந்த பக்கத்தில் நிற்கிறேன். எழுத்துக் கூட்டி முடிக்க ஒரு வாரம் ஆகும். முடித்ததும் உனக்கு எழுதுகிறேன். இந்த முறை கத்த மாட்டேன்.