மூன்று ஷெட்டும் கனிஷ்காவும்

ஜூலை 14, திங்கள்

முதல் ஷெட் 109 கிராம். இரண்டாவது 110. மூன்றாவது 108. ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது. தொட்டியில் இருக்கும் தீவனம் பாதி என் கண்ணில்தான் விழுகிறது.

ஒரு கோழி ஒரு நாளைக்கு எவ்வளவு தின்றது என்பதை நோட்டின் முன்பக்கத்தில் எழுதுவேன். மனதில் வருவதைப் பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வருவேன். பண்ணை வைத்த நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். மைதிலிக்குத் தெரியும். ஆனால் தொடமாட்டாள். "கோழி நோட்டுல எனக்கென்னங்க வேலை" என்பாள்.

கனிஷ்கா புதன்கிழமை வருகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் ஆடி. மாப்பிள்ளை தலை ஆடிக்கு மட்டும் வந்துவிட்டுப் போவார். இவள் மாசம் பூராவும் இங்கேதான். வீட்டில் சத்தம் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது.

தீவன ரூமில் காராசேவு டப்பா காலி. வாங்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

தலை ஆடி. வாசலில் நெருப்பு மூட்டி ஆறு தேங்காய் சுட்டோம். உள்ளே அடைத்த எள், வெல்லம், பாசிப்பருப்பு எல்லாம் மைதிலியின் அளவு. மாப்பிள்ளை தமிழரசு நன்றாகச் சாப்பிட்டார். சங்ககிரியில் லாரி ஆபீஸ் வேலை கிடக்கிறது என்று மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்.

கனிஷ்காவுக்குச் சுட்ட தேங்காய் என்றால் உயிர். சின்னதில் ஓடு ஆறும் முன்பே கையை வைத்துச் சுட்டுக்கொள்வாள். இன்று ஒரே ஒரு துண்டு வாங்கினாள். சாயங்காலம் அந்தத் துண்டு துவைக்கிற கல்மேல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஆளும் இளைத்திருக்கிறாள். கையைத் தூக்கினால் வளையல் முழங்கைக்கு ஓடுகிறது.

மிச்சத்தை வீணாக்க மனசில்லை. நான் இரண்டு மூடி தின்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

கூண்டு மாற்றினால் கோழி மூன்று நாள் சரியாகத் தீனி எடுக்காது. நான்காம் நாள் தானாகத் தலையை நீட்டும். கனிஷ்கா வந்து இன்று ஐந்தாம் நாள்.

காலையில் அரை இட்லி. மத்தியானம் ரசம் சாதம், நாலு வாய். முன்பக்கத்தில் மூன்றாவது ஷெட்டுக்குக் கீழே அவள் பேரையும் எழுதிவிட்டேன். தப்பாகத் தெரியவில்லை. எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும்.

கோழி தின்னாவிட்டால் பார்க்க வேண்டியது: தண்ணீர், சூடு, வெளிச்சம், தீவனத்தில் பூஞ்சை, நோய். தண்ணீர் குடிக்கிறாள். அவள் ரூமில் ஃபேன் நன்றாகவே ஓடுகிறது. சமையல் மைதிலியுடையது, அதில் பூஞ்சை என்று சொல்லிவிட்டு நான் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது. மிச்சம் நோய்தான்.

"ஏன் கண்ணு சாப்புடல?" என்று மூன்று வேளையும் கேட்கிறேன்.

"பசிக்கலீங்ப்பா." மூன்று வேளையும் இதே பதில்.

ஜூலை 22, செவ்வாய்

109, 110, 109. கனிஷ்கா: தோசை ஒன்று, காப்பி இரண்டு.

ஜூலை 25, வெள்ளி

நாமக்கல்லில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். ரத்தம், தைராய்டு, ஸ்கேன், எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாமே நார்மல். "மனசுல ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டார். கனிஷ்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? அதில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்து பேக்கரியில் இரண்டு முட்டை பப்ஸ் வாங்கினேன். வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டையும் நானே தின்றேன், நின்றுகொண்டே. நின்று தின்பது கணக்கில்லை என்று எனக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து காராசேவு.

ஜூலை 28, திங்கள்

மைதிலி சொன்னாள். கனிஷ்கா அவளிடம் துணி மடிக்கும்போது சொன்னதாம்.

அங்கே சாப்பாட்டு நேரம்தான் சண்டை நேரம். லாரி லேட்டானால், டிரைவர் போனை எடுக்காவிட்டால், எல்லாம் வந்து விடிவது சாப்பாட்டில். உப்பு, காரம், சூடு, ஏதாவது ஒன்று. "தட்டத் தள்ளி உட்டுப்போடுவாரும்மா. அப்பறம் கத்துவாரு. நான் வாயில வெச்சத முழுங்கறதா துப்பறதான்னு தெரியாது" என்றாளாம். அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இவள் எத்தனை கரண்டி போட்டுக்கொள்கிறாள் என்று எண்ணுவாராம்.

அடிச்சானா? — இல்லையாம். தட்டு மட்டும்தானாம். தட்டு மட்டும்னா? அதென்ன மட்டும்?

எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. எழுதாமல் விடக்கூடாது. நிச்சயத்துக்கு முன்னால் சங்ககிரியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் ராசு, "பையன் கொஞ்சம் கோவக்காரன், பாத்துக்கப்பா" என்றான். கோவம் வராத ஆம்பளை எவன் இருக்கிறான் என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தவன் நான்தான்.

ஜூலை 31, வியாழன்

தீவனம் போடுகிற சின்னாயி இன்று சொன்னது: "நீங்க நோட்டத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாக் கோழிகூடத் தலைய உள்ள இழுத்துக்குதுங்க. அக்கட்டால போங்க சாமி, நான் பாத்துக்கறேன்."

109, 109, 110. கனிஷ்கா: ஒரு சப்பாத்தி, முழுசாக. மாம்பழம் இரண்டு கீற்று. நல்ல நாள். நான் காராசேவு பாக்கெட்டைப் பிரித்தேன். முடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி பதினெட்டு. மோகனூர் போய்க் காவிரியில் குளித்துவிட்டு வந்தோம். தண்ணீரில் கனிஷ்கா சிரித்தாள். திரும்பி வரும்போது காரில் அரைப் பொட்டலம் கடலை தின்றாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சம்பந்தி அர்த்தநாரி போன். மாப்பிள்ளைக்கு வேலை, அதனால் பதினெட்டுக்கு வரமுடியவில்லை. ஆவணி ஒன்று, பதினேழாம் தேதி ஞாயிறு, அவர்களே வந்து அழைத்துப் போகிறார்களாம். "சரிங்க, வாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? பேசிக்கொண்டே திரும்பினால் கனிஷ்கா பின்னால் நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கட்டுச்சோறு அப்படியே இருந்தது. புளியோதரை முழுவதும் நான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கனிஷ்கா: காப்பி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நோட்டைப் பார்த்துவிட்டாள்.

என்னைத் தேடித் தீவன ரூமுக்கு வந்திருக்கிறாள். நான் மூன்றாவது ஷெட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது மக்காச்சோள மூட்டைமேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கமும் பார்த்தாயிற்று, பின்பக்கமும்.

"மூணாம் நம்பர் ஷெட்டுக்குக் கீழ என்னைய எழுதி வெச்சிருக்கீங்க."

நோட்டை வாங்கக் கையை நீட்டினேன். தரவில்லை.

"அங்கயும் இப்படித்தானுங்ப்பா. நான் என்ன திங்கறேன்னு பாக்கறதுக்கு ஒரு ஆளு, திங்கறப்பக் கத்தறதுக்கு ஒரு ஆளு. நீங்க கத்தல. அவ்வளவுதான்."

பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, வாத்தியார் மாதிரி விரலை வைத்து வாசித்தாள். "ரெண்டு மூடி தேங்கா. ரெண்டு பப்ஸ். காராசேவு. மறுபடியும் காராசேவு. புளியோதரை முழுசும். நான் வேண்டாங்கறதையெல்லாம் நீங்கதான் தின்னு தீத்திருக்கீங்க. உங்க பேரு மட்டும் முன்பக்கத்துல இல்லீங்களே, ஏனுங்க?"

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அழுகையில் போய் முடிந்தது.

"பதினேழாந்தேதி என்னைய அனுப்பறீங்களா?"

"பாக்கலாம் சாமி" என்றேன்.

பாக்கலாமா? என்ன பேச்சு அது. தூ.

ஆகஸ்ட் 9, சனி

109, 110, 109. அதற்குக் கீழே இனி எழுதப்போவதில்லை.

பெல்ட்டைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் இரண்டு ஓட்டை தள்ளிப் போயிருக்கிறது. எப்போது மாற்றினேன் என்றே தெரியவில்லை. பதினெட்டாயிரம் கோழிக்கு ஒரு கிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிறவன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பழைய பக்கங்களைப் பார்த்தேன். அவள் ஒன்றுமே தின்னாத நாட்களெல்லாம் சங்ககிரியிலிருந்து ஆளோ போனோ வந்த நாட்கள். அதையே நான் தின்று தீர்த்த நாட்கள் என்றும் சொல்லலாம். இவ்வளவு நாள் இதே நோட்டில்தான் இருந்திருக்கிறது.

நோய் இல்லை. சூடு இல்லை. அவளுக்கு ஒரு பதில் வேண்டும், அது என்னிடம் இருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். கல்யாணமாகி ஆறு மாதத்தில் பெண்ணைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டான் என்பார்கள். ஒரு தட்டுக்காகவா என்பார்கள். நானே ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வந்தார்கள். சம்பந்தி, அவர் வீட்டம்மா, மாப்பிள்ளை. நாட்டுக்கோழிக் குழம்பு. பண்ணைக் கோழியை எங்கள் வீட்டில் சமைப்பதில்லை, முகம் தெரிந்தவை. மாப்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். கனிஷ்காவின் பெட்டி கட்டி, கதவோரம் இருந்தது. மைதிலி என்னைப் பார்ப்பதும் அடுப்பங்கரைக்குள் போவதுமாக இருந்தாள்.

எல்லாரையும் ஒன்றாக உட்காரச் சொன்னேன், கனிஷ்காவையும். சம்பந்தி டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்தது. லாரி எங்கோ நின்றுவிட்டதாம். வைத்தார். ஒரு வாய் அள்ளினார். "உப்பே இல்ல" என்றார். சத்தமாக இல்லை. தட்டை இரண்டு விரலால் முன்னால் தள்ளினார். நாலு விரற்கடை இருக்கும்.

யாரும் கவனிக்கவில்லை. சம்பந்தி டீசலிலேயே இருந்தார். கனிஷ்காவின் கை மட்டும் பாதியில் நின்றது. வாயில் சோறு இருந்தது. மெல்லவில்லை.

ஒரு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்துபோய் மாப்பிள்ளையின் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். "உப்பு சரியாத்தானுங்க இருக்குது மாப்ள" என்றேன். "கனிஷ்கா வரமாட்டா. நீங்க வேற ஏதாச்சும் சாப்புட்டுட்டுப் பொறப்படுங்க."

பிறகு நடந்ததெல்லாம் சத்தம். சம்பந்தி கத்தினார். அவர் வீட்டம்மா அழுதார். மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு போய் காரில் உட்கார்ந்துகொண்டார். என் குரல் நடுங்கவில்லை என்று மைதிலி சொல்கிறாள். நம்பலாமா தெரியவில்லை.

கனிஷ்கா வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள். அவ்வளவுதான். மேற்கொண்டு சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து போன். ராசு அண்ணன் மட்டும் குறை ஒன்றும் சொல்லவில்லை. "செரி உடப்பா" என்றான்.

எனக்குப் பசியே இல்லை. இட்லியைப் பிய்த்து வாயில் வைத்தால் தொண்டையில் நிற்கிறது. தண்ணீர் விட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது. "இப்பத் தெரியுதுங்களா?" என்றாள் மைதிலி. தெரிகிறது.

ஆகஸ்ட் 23, சனி

அவள் சாப்பிடும்போது நான் அங்கே இருப்பதில்லை. முதலிலேயே சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். மைதிலியிடமும் விசாரிப்பதில்லை. விசாரிக்காமல் இருப்பதுதான் பண்ணையிலேயே பெரிய வேலை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒரு வாரமாகத் தீவன ரூமில் சின்னாயியோடு தீவனம் நிறுப்பது கனிஷ்காதான். முன்பக்கம் அவள் கையெழுத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கு இப்படி இருக்கிறது:

முதல் ஷெட் 110. இரண்டாவது 110. மூன்றாவது 109. அப்பா: இட்லி மூணு, தயிர் சாதம். போதும்.

அவள் பேர் இல்லை. நானும் தேடவில்லை.

மத்தியானம் காற்று ஓய்ந்திருந்தது. தீவன ரூமில் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், கை தானாகக் காராசேவு டப்பாவுக்குப் போனது. பத்தாம் தேதி வாங்கி நிரப்பியது. பதினேழாம் தேதி பாதிக்குமேல் இருந்தது, அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை. திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சம் தூள் மட்டும் இருந்தது.

சாயங்காலம் டவுனுக்குப் போகும்போது அரைக் கிலோ வாங்கி, டப்பாவை நிரப்பி, யாரிடமும் விசாரிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.