படத்தில் நன்றாக இருக்கிறாள்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. எழுதினால் குறுக்கே பேச உனக்கு வழியில்லை, அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய, உன் கம்பெனியின் புது போன் வந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தலைவாரியதும் ஒரு படம், புடவை மாற்றியதும் ஒரு படம் என்று என் உயிரை வாங்குகிறாள்.

ஒரு விஷயம். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணில் மஞ்சள் தெரிகிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், "உனக்கு வேற வேலையே இல்லையா? படத்துல நல்லாத்தானேடி இருக்கேன்" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். சொல்.

இப்படிக்கு,
அக்கா

ஜனவரி 19

என் அருமைப் பெயின்ட் டப்பாவுக்கு,

(அக்கா என்று எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.)

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. வீடியோவில் பார்த்தாலும் அப்படித்தான். நாள் முழுக்கப் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிவிட்டு வருகிறவளுக்குச் சுவர்கூட மஞ்சளாகத்தான் தெரியும். "உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். சும்மா பயமுறுத்தாதே.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. எங்கள் குழுவின் கேமரா அடுத்த மாதம் இன்னும் தேறிவிடும். படத்தில் யாராவது கண்ணை மூடியிருந்தால் அதுவே திறந்து வைக்கும். முகம் வாடியிருந்தால் லேசாகச் சிரிக்க வைக்கும். உங்கள் போனுக்கும் தானாக வந்துவிடும். இனி உன்னையும் சிரித்த முகமாகப் பார்க்கலாம்!

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 24

தம்பிக்கு,

அம்மா குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார். எப்போது ஆரம்பித்தது என்று பார்க்கப் பழைய படங்களைக் கேட்டார். அறுபத்து மூன்று படம் இருந்தது. எல்லாவற்றிலும் கண் வெள்ளை. போனை அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார்.

வயிற்றில் புற்றுநோய்க் கட்டியாம், ஈரலுக்கும் பரவிவிட்டதாம். முன்பே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம்.

பதினாறு வருஷமாக நிறம் கலக்குகிறேன். ஒரு டப்பா வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் கண்டுபிடிப்பேன். அப்படிப்பட்ட நான் உன் பேச்சை நம்பிச் சும்மா இருந்தேன். என்னை எதால் அடிப்பது?

நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வா.

அக்கா

மார்ச் 3

அக்கா,

அதைச் செய்தது நான்தான். கண் மங்கலாக இருந்தால் வெள்ளையாக்கிக் காட்ட வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லிவைத்தவன் நான். தூக்கமில்லாதவர்களின் கண்ணை நினைத்து எழுதினேன். அம்மாவின் கண்ணை நினைக்கவில்லை. நிஜப் படம் உள்ளே எங்காவது மிஞ்சியிருக்குமா என்று தேடினேன். அது எதையும் மிச்சம் வைப்பதில்லை.

புது மாடல் பதினெட்டாம் தேதி கடைக்கு வருகிறது. அதுவரை என்னை விடமாட்டேன் என்கிறார்கள். மறுநாளே கிளம்பிவிடுவேன். அதுவரை படம் அனுப்பாதே. அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ எழுது. உன் எழுத்தைத்தான் நம்புவேன்.

தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

சொல்ல வேண்டியதை நேற்றே போனில் சொல்லிவிட்டேன். நீ அழுததும் கேட்டது. வந்து சேர மூன்று நாள் ஆகும், கடைசியாக ஒரு படமாவது அனுப்பு என்று கெஞ்சினாய். ஏன் அனுப்பவில்லை என்று சொல்கிறேன்.

அம்மாவைக் குளிப்பாட்டி, வகிடெடுத்துத் தலைவாரினேன். கண்ணை நானே மூடினேன். ஒரு இமை சரியாக மூடவில்லை, சற்று நேரம் விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். மஞ்சள் கழுத்துவரை இறங்கியிருந்தது. உனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்தேன்.

உன் போன் அவள் கண்ணைத் திறந்துவிட்டது.

வெள்ளை வெளேரென்ற கண். உதட்டில் சிரிப்பு. திரும்பத் திரும்ப எடுத்தேன். ஐந்து படத்திலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதன்பிறகு கட்டிலில் கிடந்தவளைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பெற்றவளைப் பார்க்கப் பயந்தேனடா. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

படங்களை அழித்துவிட்டேன். போனை இத்துடன் அனுப்புகிறேன். இன்று காலையே எல்லாம் முடிந்துவிட்டது, நீ இனி வர வேண்டாம்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுதச் சொன்னாய். மஞ்சளாக இருந்தாள். ஜனவரியிலேயே மஞ்சளாகத்தான் இருந்தாள்.

அக்கா