வெறும் வயிறும் விருந்துப் படமும்

சின்னவள் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம், உங்கள் நலம்தான் கவலை.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த கூட்டத்தில் இருந்தவர்கள் மேலாளர், டாக்டரம்மா, படம் போடுகிறவர், விழிப்புணர்வு வாசகம் எழுதுகிற நான், ஆக நாலே பேர். சர்க்கரைப் பரிசோதனை முகாமின் சுவரொட்டிக்கு, "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று எழுதியிருந்தேன். அதற்கு மேலே, ஒரு குடும்பமே தட்டு நிறையச் சாப்பிட்டுச் சிரிக்கும் படத்தைப் போடச் சொன்னார் மேலாளர். "வேண்டாம் சார்" என்றேன். "பாக்க மங்களகரமா இருக்கும்மா" என்றார்.

நேற்று முகாமுக்கு வந்த நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேர் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டிருந்தார்கள்! "படத்துல அந்தம்மா அப்படிப் பரிமாறுது, சாப்பிட்டுட்டுதான் வரணும்னு நெனச்சேன்" என்றார் ஒரு பெரியவர். "கீழே எழுதியிருக்கே, படிக்கலையா?" என்று மேலாளர் அவர்மேலேயே பாய்ந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஊரார் கிடக்கட்டும். உங்களுக்குக் கால் எரிகிறதாமே? சின்னவள் எழுதிவிட்டாள். மூன்று மாதமாகப் "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறீர்கள். ஊருக்கெல்லாம் எழுதுகிறவளின் வீட்டுக்காரரே சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகவில்லையென்றால் கடவுள் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டாரா?

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். பிரார்த்தனைப் புத்தகத்தின் பொடி எழுத்து கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, வாசித்துக் காட்ட இங்கே ஆளுமில்லை.

இது கிடைத்த மறுநாள் காலை, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்ச் சர்க்கரை பாருங்கள். அளவு எத்தனை என்று உடனே பதில் எழுதுங்கள்.